எல்லாருக்கும் வைக்கிற மருந்து

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அத்தான் சுகம். நானும் சுகம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும்.

இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ போனை எடுத்தால் "சரிக்கா, சரிக்கா" என்று நாலு சரி போட்டுவிட்டு, வெளியே நோயாளி காத்திருக்கிறார் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. உட்கார்ந்து படி.

நேற்று பார்லரில் தையல்காரிக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு தெரு தள்ளி மெஷின் போட்டிருக்கிறாளே, வாரம் தவறாமல் வருகிறவள். நூலின் ஒரு முனை என் பல்லில், மீதி இரண்டு கையிலும். அந்த வேலையில் என் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இருக்காது. அப்படிக் குனிந்திருக்கும்போது என் இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவளுடைய மூடிய இமைமேல் விழுந்தது. தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. மஞ்சளாக, பசை மாதிரி, நூல் விட்டுக்கொண்டு இறங்கியது. வாயில் நூல், இரண்டு கையிலும் நூல். தடுக்க ஒரு விரல் இல்லை.

அவள் கண்ணைத் திறக்காமலே "எண்ணெயாக்கா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லித் துடைத்துவிட்டேன். எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது.

மாதக்கணக்கில் இப்படித்தான். காலையில் இமை இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெந்நீர் ஊற்றித்தான் பிரிக்கிறேன். மூக்கோரத்தில் விரலை வைத்து அழுத்தினால் குழாயை அமுக்கியதுபோல் சீழ் மேலே வருகிறது. அழுத்தாமல் இருக்கவும் முடியவில்லை. கடையில் உதவிக்கு இருக்கும் பெண் என் துவாலையை இரண்டு விரலால் தூக்கித் தனி வாளியில் போடுகிறாள். உன் அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறார். கேட்டால் வேடிக்கை பார்க்கிறாராம். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை.

சின்ன வயதில் உன் மூக்கு ஓடிய ஓட்டத்துக்குத் தெருவே உன்னை ஒழுகல் என்று கூப்பிட்டது. துடைத்தது யார்? இந்த அக்காவின் பாவாடை நுனிதான். இன்றைக்கு நீ பெரிய கண் டாக்டர், ஒழுகல் நான். இனி துடைக்க வேண்டியது உன் முறை.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அத்தான் நலமென்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். உன் கண்ணைப் பற்றி இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு உன்னை என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கண்ணில் ஊறும் நீர், கண்ணோரத்தில் இருக்கும் ஒரு சிறு பைக்குள் போய், அங்கிருந்து குழாய் வழியாக மூக்கில் இறங்க வேண்டும். உனக்குக் குழாய் அடைத்துவிட்டது. பைக்குள் நீர் தேங்கி அழுகுகிறது, அவ்வளவுதான். மூக்கு வழியாகப் போய், நடுவில் இருக்கும் மெல்லிய எலும்பில் ஒரு துளை போட்டுப் பையை நேரே மூக்கோடு சேர்த்துவிட்டால் நீர் புது வழியில் இறங்கிவிடும்.

துளை போடுவது பெரிய காரியமில்லை. உடம்புக்குத் துளை என்றால் ஆகாது. தழும்பு கட்டி அதை மூடத்தான் பார்க்கும். மூடாமல் வைப்பதில்தான் வித்தை இருக்கிறது. வருகிற மே மாதம் மாநாட்டில் நான் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

வேறு யாரிடமும் காட்டாதே. அடுத்த மாதம் கிளம்பி வா, நானே செய்கிறேன். கண்ணை அழுத்தாதே.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். உன் வீட்டில் எல்லாரும் சுகந்தானே? பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்ட உன் வீட்டுக்காரிக்கு என் நன்றியைச் சொல். நான் விட்டுவந்த தலையணை உறையைத் துவைக்க வேண்டாம், எரித்துவிடச் சொல்.

ஆபரேஷன் முடிந்தால் அசிங்கம் தீரும் என்று நினைத்தேன். இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மூக்குக்குள் ரத்தம் காய்ந்து கட்டி கட்டியாக வருகிறது. நீ சொன்னபடி உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கழுவுதொட்டியில் விழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணோரத்தில் நீ கோத்துவிட்ட சிலிக்கான் குழாய் புழு எட்டிப் பார்க்கிறதுபோல் தெரிகிறது. ஆனால் ஒன்று, சீழ் நின்றுவிட்டது. அதற்காக உனக்கு ஆயிரம் கும்பிடு.

விழித்திருக்கும்போதே செய்தாயே, படுபாவி. மரத்துப்போக ஊசி போட்டால் வலி தெரியாது என்றாய். வலி தெரியவில்லை. எலும்பைக் கொறிக்கும் சத்தம் தலைக்குள்ளேயே கேட்டது. எலி புகுந்த அலமாரியாக என் மண்டை இருந்தது. நடுவில் நர்ஸ், "டாக்டர், ஊதா கலக்கட்டுமா?" என்று கேட்டார். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "இவங்களுக்கு வேண்டாம்" என்றாய். அக்காவுக்கு ஊதா நிறம் பிடிக்காது என்று இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறானே என்று அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷம். அது என்ன ஊதா? சாயமா, கட்டுத்துணியா?

உன் மகள் என்மேல் கோபமாக இருக்கிறாளா? கிளம்பும்போது, "அத்தை, உங்க பார்லர்ல வெள்ளை டப்பாவுல ஒரு கிரீம் இருக்காமே, எனக்கும் அனுப்புங்க" என்று கேட்டாள். உனக்கு எதற்கடி அது, சோப்பு போட்டு மூஞ்சியைக் கழுவினால் போதும் என்று விரட்டிவிட்டேன். சமாதானம் சொல்.

இங்கே வந்ததும் முதல் ஆளாகத் தையல்காரிதான் வந்து என் கண்ணைப் பார்த்தாள். அவள் முகமே சரியில்லை. கன்னம் சிவந்து, தோல் உரிந்து, மெல்லிய நரம்பெல்லாம் தெரிகிறது. அந்தக் கிரீமால் இருக்குமோ என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை, உங்கள் தோல் வாகு அப்படி, வெயிலில் போகாதீர்கள் என்று சொல்லி இன்னொரு டப்பா கொடுத்தனுப்பினேன்.

வேளைக்குச் சாப்பிடு. மாநாட்டுப் பேச்சை நன்றாகத் தயார் செய்.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. மூக்கை வேகமாகச் சிந்தாதே. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு. சொட்டு மருந்தை விடாமல் போடு. மே மாதம் கடைசியில் வா, குழாயை எடுத்துவிடலாம். அன்று உன்கூடச் செய்துகொண்ட அடுத்த கட்டில்காரம்மாவும் அப்போதுதான் வருகிறார், துணைக்கு ஆயிற்று.

மகளுக்குக் கோபம் ஒன்றுமில்லை, மறந்துவிட்டாள். தலையணை உறையை எரிக்கவில்லை, துவைத்தாயிற்று.

மற்றது நேரில். வேலை தலைக்குமேல் இருக்கிறது.

தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் விசாரிக்கக்கூட எனக்கு மனம் இல்லை. நீங்கள் எல்லாரும் நன்றாக இருங்கள்.

திரும்பி வந்துவிட்டது. குழாயை நீ எடுத்து அனுப்பியபோது நன்றாகத்தான் இருந்தேன். ஊரெல்லாம் உன் பெருமை பேசினேன். போன வாரம் கண்ணோரம் ஈரமாக இருந்தது. தூசியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். முந்தாநாள் காலையில் இமை ஒட்டிக்கொண்டது. விரலை வைத்து அழுத்தினேன். வந்தது. அதே மஞ்சள், அதே நாற்றம்.

இங்குள்ள கண் டாக்டரம்மாவிடம் போனேன். சின்னப் பெண், ஆனால் பொறுமைசாலி. கண்ணோரத்தில் மொட்டை ஊசியை வைத்து உப்புத் தண்ணீரை ஏற்றினார். வழி திறந்திருந்தால் தொண்டையில் உப்புக் கரிக்குமாம். என் தொண்டைக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஏற்றிய தண்ணீர் அத்தனையும் சீழைக் கூட்டிக்கொண்டு கண் வழியாகவே திரும்பிக் கன்னத்தில் ஓடியது. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. நான் சுளித்தேன். தழும்பு கட்டித் துளை மூடிவிட்டது என்றார்.

இப்போது பார்லரில் எனக்குக் கால் நகம் வெட்டும் வேலைதான். முகத்து வேலையெல்லாம் உதவிக்கு இருக்கும் பெண்ணே செய்கிறாள். என் கடையில் நானே வாடிக்கையாளர்களின் காலடியில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாண மேக்கப்புக்கு முன்பணம் கொடுத்த ஒருத்தி, என்னைப் பார்த்ததும் தேதி மாறிவிட்டது என்று திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். தேதி மாறவில்லை. அவள் கல்யாணக் கார் என் கடை வழியாகத்தான் போயிற்று.

ஏன் மூடியது? நீ சொன்னதெல்லாம் செய்தேனே. என்ன தப்பு செய்தேன், சொல்.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மாநாட்டுக்குப் பிறகு பல ஊர்களிலிருந்து டாக்டர்கள் வந்து நான் செய்வதைப் பார்க்கிறார்கள். மூச்சுவிட நேரமில்லை.

நீ மூக்கைச் சிந்தினாயா என்று நினைத்துப் பார். இல்லையென்றால் இதற்குக் காரணம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. சிலருக்கு உடம்பு வாகு அப்படி. தழும்பு சீக்கிரம் கட்டும், தடிப்பாகக் கட்டும். உன் உடம்பும் அந்த வாகுதான் போலிருக்கிறது. மனசைத் தளரவிடாதே.

மறுபடியும் செய்யலாம். அந்த டாக்டரம்மா நன்றாகச் செய்வார் என்றால் அவரிடமே செய்துகொள்வதும் நல்லதுதான். உனக்கும் அலைச்சல் மிச்சம்.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


ஆகஸ்ட் 6

தம்பி,

நீ சுகமாகத்தான் இருப்பாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நேற்று ஒரு கல்யாணத்துக்காக அடுத்த கட்டில்காரி இந்த ஊருக்கு வந்தாள். அவள்தான், பஸ் டிப்போவில் கிளார்க். என்னைத் தேடிக் கடைக்கு வந்து மேக்கப் போடச் சொன்னாள். நான் காலுக்கு மட்டும்தான் என்றேன். என் கண்ணைப் பார்த்து அவள் பதறிப்போனாள். நான் அவள் கண்ணைப் பார்த்தேன். கழுவி வைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருக்கிறது. அதே நாள், அதே டாக்டர், அதே நர்ஸ். எனக்கு அப்புறம் அவள்.

"உங்களுக்கும் அந்த ஊதா மருந்தை வச்சாங்கல்ல?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். துளை போட்டபிறகு ஊதா மருந்தைப் பஞ்சில் நனைத்து அந்த இடத்தில் சில நிமிஷம் வைத்திருந்து, அப்புறம் கழுவிவிடுவார்களாம். தழும்பு கட்டாமல் இருக்கத்தான் அந்த மருந்தாம். "டாக்டர் எல்லாருக்கும் வைப்பாரு, பயப்படாதீங்க" என்று நர்ஸ் அவளுக்குத் தைரியம் சொன்னாராம்.

எல்லாருக்கும். இவங்களுக்கு வேண்டாம்.

நானும் ஒரு முட்டாள், எனக்குப் பிடித்த நிறம் பிடிக்காத நிறம் பார்த்து நீ ஆபரேஷன் செய்ததாகப் பூரித்துப்போனேன்.

அந்த டாக்டரம்மாவிடமும் கேட்டேன். புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்துதானாம், துளியூண்டு எடுத்துக் கலக்குவார்களாம். வைக்கிறவர்களும் உண்டு, வைக்காதவர்களும் உண்டாம். "ஆனா உங்க தம்பி வைக்காம செய்யவே மாட்டாரே. நாங்க அவர் பேச்சைக் கேட்டுத்தான் வைக்க ஆரம்பிச்சோம்" என்றார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இப்போது நீ சொல். அந்த மருந்து நல்லதா, கெட்டதா? நல்லது என்றால் சொந்த அக்காவுக்கு ஏன் வைக்கவில்லை? கெட்டது என்றால் ஊரில் உள்ளவர்களின் மூக்கில் எல்லாம் ஏன் திணிக்கிறாய்? ஒரு பதில்தான் இருக்க முடியும். எதைச் சொன்னாலும் அசிங்கம் உன்னுடையது.

வாகாம் வாகு. மூக்கைச் சிந்தினேனா என்று கேட்டாயே. வெட்கமாக இல்லை? என் கண்ணில் வருவதைப் பார்த்து எனக்கு இத்தனை நாள் வந்த குமட்டல் ஒன்றுமே இல்லை. உன் கடிதத்தை மறுபடி படித்தபோது வந்ததுதான் குமட்டல்.

அக்கா


செப்டம்பர் 19

அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய விரும்புகிறேன்.

உன் கேள்விக்குப் பதில் எழுதிப் பார்த்தேன், கிழித்துப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. அதனால் நானும் ஒன்று கேட்கிறேன்.

போன மார்ச் மாதம் என் மகள் உன் வெள்ளை டப்பா கிரீமைக் கேட்டபோது நீ ஏன் கொடுக்கவில்லை?

தம்பி


நவம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூன்று பேரும் சுகமா? இங்கே உன் அத்தானுக்குக் கொஞ்சம் சளி, மற்றபடி சுகம்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வக்கில்லாமல் எதிர்க்கேள்வி போடுகிறான் பார் என்று உன் அத்தானிடம் கத்தினேன். அவர் ஜன்னலிலிருந்து திரும்பி, "ஏன் குடுக்கல?" என்று கேட்டார். அவர் என் முகத்தை நேராகப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று. பார்த்தது அதற்குத்தானா?

நான் எழுந்து கடைக்குப் போய்விட்டேன். இத்தனை நாள் உனக்கும் எழுதவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த டப்பாவில் பெயர் கிடையாது, என்ன சேர்த்தார்கள் என்று எழுதியிருக்காது. நான் கேட்டதுமில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்று கேட்கவில்லை. பூசினால் ஒரே வாரத்தில் முகம் வெளுக்கும். நிறுத்தினால் சிவந்து எரியும். எரிந்தால் மறுபடி என்னிடம்தான் வருவார்கள். என் கடையில் பாதி நாற்காலி நிரம்புவது அதனால்தான். உன் மகள் கேட்டபோது யோசிக்கவே இல்லை, வாய் தானாக வேண்டாம் என்றது. ஊர் திரும்பியதுமே தையல்காரி கையில் இன்னொரு டப்பாவைத் திணித்தேன். உங்கள் தோல் வாகு என்றேன். அதையும் உனக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். எவ்வளவு திமிர் இருந்தால் அதை வரி பிசகாமல் எழுதியிருப்பேன்.

நீயாவது நல்ல மருந்தை எனக்கு மறுத்தாய். நான் கெட்டதை எல்லாருக்கும் பூசிவிட்டு நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் மறுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது அதிகம் நாறுகிறது என்று எனக்குத் தெரிகிறது. கண்ணில் வரும் சீழைத் துடைத்துத் துவாலையை வாளியில் போட்டுவிடலாம். இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

போன திங்கட்கிழமை தையல்காரி வீட்டுக்குப் போனேன். மெஷினில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் துப்பட்டாவால் மறைத்திருந்தாள். "உங்க தோல்ல ஒரு குத்தமும் இல்லைங்க. என் கிரீம்தான்" என்றேன். அவள் தையலை நிறுத்தவில்லை. அந்த மடிப்பைக் கடைசிவரை தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு என் கண்ணு மேல விழுந்தது எண்ணெய் இல்லன்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு தோல் டாக்டரிடம் போய் வந்தேன். திடீரென்று நிறுத்தக்கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டுமாம். பழைய மாதிரி தோல் வர வருஷம் ஆகலாமாம், வராமலும் போகலாமாம். வழி முழுக்க அவள் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். டப்பாக்களை உடைத்துச் சாக்கடையில் கொட்டப் போனேன், உதவிக்கு இருக்கும் பெண் தடுத்துக் குப்பை வண்டியில் போட்டாள். வாங்கிப் போனவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி, அதெல்லாம் இருக்கட்டும், இன்னொரு டப்பா இருந்தால் கொடு என்றாள். அவளிடம்தான் எனக்கு அழுகை வந்தது.

நான் சொல்லிவிட்டேன். உன்னிடமிருந்து எனக்கு வேண்டியதும் அதுதான். மன்னிப்பு வேண்டாம், விளக்கம் வேண்டாம். நான் தையல்காரியிடம் சொன்ன அந்த ஒரு வரியை நீ எனக்கு எழுது. எழுதினால் மறுபடி உன் ஆபரேஷன் மேஜையில்தான் வந்து படுப்பேன். எழுதாவிட்டால் இந்த டாக்டரம்மா இருக்கிறார்.

மகளுக்கு என் முத்தம். அவள் முகம் இருக்கிறபடியே இருக்கட்டும்.

உன் அக்கா


நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அத்தானின் சளிக்கு ஆவி பிடிக்கச் சொல்.

உன் உடம்பு வாகில் ஒரு குறையும் இல்லை. மருந்தை நான்தான் வைக்கவில்லை.

விளக்கம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது வீரியமான மருந்துதான். ஆனால் நாங்கள் வைப்பது துளி, கழுவி எடுத்துவிடுகிறோம். இத்தனை வருஷத்தில் யாருக்கும் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நர்ஸ் கேட்டபோது பச்சைத் துணிக்கு நடுவே உன் கண் மட்டும் தெரிந்தது. எத்தனையோ கண்ணைப் பார்த்த எனக்கு அந்தக் கண்ணைப் பார்த்ததும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பயமெல்லாம் வந்தது. உனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் வேண்டாம் என்றேன். மற்றவர்களுக்கும் அக்கா தம்பி இருக்கிறார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

இதைவிட அசிங்கம் ஒன்று. மே மாத மாநாட்டில் மேடையேறி, யாராக இருந்தாலும் நான் இந்த மருந்தை வைக்காமல் விடுவதில்லை என்று பேசினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். கையைக் கூப்பி வாங்கிக்கொண்டேன். அன்று உன் மூக்கில் அந்தக் குழாய் இருந்தது.

ஜனவரி கடைசியில் வா. என் கை நடுங்கும் என்று தோன்றினால் பக்கத்தில் இன்னொரு டாக்டரை நிறுத்திக்கொள்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். எல்லாரும் சுகம். உன் அத்தான் இப்போது எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். அவர் மெல்லுவதைப் பார்த்தபின் ஜன்னல் பக்கமே உட்காரட்டும் என்று தோன்றுகிறது.

மூக்கில் பழையபடி கட்டி கட்டியாக விழுகிறது, கழுவுதொட்டியைப் பார்க்காமல்தான் கழுவுகிறேன். சிலிக்கான் புழுவும் கண்ணோரத்தில் எட்டிப் பார்க்கிறது. நேற்று டாக்டரம்மா மொட்டை ஊசியை வைத்துத் தண்ணீர் ஏற்றினார். தொண்டையில் உப்புக் கரித்தது. கசப்பும், ரத்த வாடையும், காய்ந்த சீழும் கலந்து உவ்வே என்று வந்தது. அப்படியே விழுங்கினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இது தங்குமா, மறுபடி மூடுமா என்று போகப் போகத்தான் தெரியும் என்றார். சரி என்றேன். மூடினால் மூடட்டும், இந்தத் தடவை அது என் உடம்பின் வேலையாக இருக்கும்.

கடையில் பாதி நாற்காலி காலி. தையல்காரி இன்னும் வரவில்லை. தெருவில் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறாள். முகம் கொஞ்சம் தேறியிருக்கிறது.

ஆபரேஷன் மேஜையில் நடந்ததை உன்னிடம் நேரில் பேச வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். "வாய் வழியா மூச்சு விடுங்கம்மா" என்றாய். என் தம்பி என்னை நீங்க போட்டுப் பேசுகிறான், யாரோ ஒரு அம்மா ஆகிவிட்டேன் என்று நெஞ்சில் ஒரு இடி. அப்புறம் அதுதானே நான் கேட்டது என்று கிடந்தேன். எலி மறுபடி அலமாரியைக் கொறித்தது. நர்ஸ், "டாக்டர், ஊதா கலக்கட்டுமா?" என்று கேட்டார். நீ உடனே சொன்னாய், "எல்லாருக்கும் வைக்கிற மாதிரி வைங்க" என்று.

பஞ்சை வைத்தபின் மருந்து ஊறும்வரை காத்திருந்தீர்கள். அந்த நேரம் முழுக்க, துணி போர்த்திய என் நெற்றிமேல் ஒரு கை இருந்தது. நடுங்கவில்லை. கனமாக, சூடாக இருந்தது. கழுவ வேண்டிய நேரம் வந்ததும்தான் எடுத்தாய்.

அதையும் எல்லாருக்கும் வைப்பாயா, தம்பி?

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் போட வேண்டாம்.

உன் அக்கா